பயறும் பருப்பும்

தை மாதத்தில் நம் கிராமங்களில் துவரை களத்துக்கு வருகிறது. அடித்துத் தூற்றி முடிந்ததும் அது மூட்டையாகி, வண்டியேறிச் சந்தைக்குச் சென்றுவிடுகிறது. வைகாசி மாதத்தில் அதே வீட்டு அம்மையார் கடை வாசலில் நின்று துவரம் பருப்பின் விலையை விசாரிக்கிறார். இடைப்பட்ட நான்கு மாதங்களில் அந்தத் துவரைக்கு நேர்ந்தது என்ன? அதன் தோல் நீங்கியது. அது இரண்டாகப் பிளந்தது. அவ்வளவே. ஆயினும் இந்தச் சிறு மாறுதலுக்குள் உழவன் விற்ற விலைக்கும் அவன் வாங்கும் விலைக்கும் இடையே பெரும் வேறுபாடு உண்டாகிவிடுகிறது. அந்த வேறுபாட்டுத் தொகையும், மாடுகளுக்குத் தீவனமாகக்கூடிய பொட்டும் குருணையும் கிராமத்தை விட்டு வெளியேறிவிடுகின்றன.

இந்த நிலை மாற வேண்டுமாயின், பருப்பு வகைகள் யாவை, அவை எவ்வாறு உடைக்கப்படுகின்றன, எதனை எதற்குப் பயன்படுத்துவது, எதனை விலக்குவது என்பவற்றைப் பஞ்சாயத்து உறுப்பினர்களும் உழவர்களும் தெளிவாக அறிந்திருத்தல் வேண்டும். அவற்றை இக்கட்டுரையில் ஒவ்வொன்றாக ஆராய்வோம்.

பயறு வேறு, பருப்பு வேறு

நெற்றிலிருந்து எடுத்த முழு மணியைப் பயறு என்கிறோம். அதன் தோலை நீக்கி, உள்ளிருக்கும் இரு பிளவுகளையும் தனித்தனியே பிரித்தெடுத்தால் அது பருப்பு ஆகிறது. துவரை துவரம் பருப்பாகவும், பச்சைப்பயறு பாசிப்பருப்பாகவும், கொண்டைக்கடலை கடலைப் பருப்பாகவும் பெயர் மாறுகின்றன. மொச்சை, தட்டைப்பயறு, கொள்ளு ஆகியவற்றைப் பெரும்பாலும் முழுப் பயறாகவே நாம் சமைக்கிறோம்.

உடலை வளர்ப்பதும், தேய்ந்த தசையைப் புதுப்பிப்பதும் புரதச் சத்தின் வேலை. 100 கிராம் அரிசியில் அது ஏறத்தாழ 7 கிராம் இருக்கிறது. 100 கிராம் பருப்பிலோ 20 முதல் 25 கிராம் வரை இருக்கிறது. அன்றியும், அரிசிப் புரதத்தில் லைசின் என்னும் பகுதி குறைவு. பருப்பில் அது மிகுதி. பருப்பில் மெத்தியோனின் என்னும் பகுதி குறைவு. அரிசி அக்குறையை நிறைவு செய்கிறது. ஆகவே சோறும் பருப்பும் சேர்ந்த உணவு, இரண்டையும் தனித்தனியே உண்பதைக் காட்டிலும் சிறந்ததாகிறது. குழந்தைக்குப் பருப்புச் சாதம் பிசைந்து ஊட்டும் தாய்மார்கள் இந்த உண்மையை விஞ்ஞானிகளுக்கு முன்பே கண்டுகொண்டவர்கள்.

தோலின் குணம்

எல்லாப் பயறுகளும் ஒரே வகையில் உடைவதில்லை. தோலுக்கும் பருப்புக்கும் இடையே பிசின் போன்ற மெல்லிய படலம் ஒன்று உண்டு. துவரை, உளுந்து, பச்சைப்பயறு ஆகிய மூன்றிலும் இப்படலம் கெட்டியாகப் பற்றியிருக்கும். இவற்றை முதலில் பக்குவப்படுத்தாமல் திருகையில் இட்டால் தோல் நீங்காது, பருப்புத்தான் நொறுங்கும். கொண்டைக்கடலை, மசூர், பட்டாணி ஆகியவற்றில் படலம் மெல்லியது. அவை எளிதில் உடையும். கிராமத்தில் பருப்பு உடைக்க முற்படுவோர் முதலில் நினைவில் கொள்ள வேண்டியது இந்த வேறுபாட்டையே.

பருப்பு வகைகள்

துவரம் பருப்பு: தென்னாட்டுச் சாம்பாருக்கும், மகாராஷ்டிரத்து வரணுக்கும், குஜராத்தியரின் இனிப்புக் கலந்த பருப்புக் குழம்புக்கும் இதுவே ஆதாரம். மகாராஷ்டிரமும் கருநாடகமும் இதனை மிகுதியாக விளைவிக்கின்றன. கருநாடகத்தின் கலபுரகி மாவட்டத்துத் துவரம் பருப்புக்கு 2019ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு வழங்கப்பெற்றது. நம் நாட்டில் மானாவாரிப் புன்செய்களில் நிலக்கடலைக்கு ஊடுபயிராகவும், வயல் வரப்புகளிலும் இது பயிராகிறது.

உளுத்தம் பருப்பு: இதனை நான்கு வடிவங்களில் காண்கிறோம். தோலுடன் கூடிய முழு உளுந்து, தோலுடன் உடைத்த உளுந்து, தோல் நீக்கிய முழு உளுந்து, தோல் நீக்கி உடைத்த பருப்பு என்பன அவை. அரைக்கும்போது உண்டாகும் வழவழப்பே உளுந்தின் தனிச் சிறப்பு. மாவு புளிக்கும்போது எழும் காற்றை அந்த வழவழப்புப் பிடித்து வைத்துக்கொள்வதால்தான் இட்டலி பஞ்சுபோல் உப்புகிறது. பஞ்சாபில் முழுக் கறுப்பு உளுந்தை நெடுநேரம் வேகவைத்து உண்கிறார்கள். நம் பக்கத்தில் தோலுடன் உடைத்த உளுந்தைக் கஞ்சியாகவும் களியாகவும் செய்து, பூப்பெய்திய பெண்களுக்கும் பிள்ளை பெற்றவர்களுக்கும் அளிக்கும் வழக்கம் உண்டு. தோலில் நார்ச் சத்து இருப்பதால் அதனை நீக்காமல் உண்பது நன்று.

பாசிப்பருப்பு: பருப்பு வகைகளுள் விரைவில் வேவதும், எளிதில் செரிப்பதும் இதுவே. ஆதலால் குழந்தைகளுக்கும் நோயாளிகளுக்கும் ஏற்றது. நம் வெண்பொங்கலும் வடநாட்டுக் கிச்சடியும் பெரும்பாலும் இப்பருப்பினாலேயே ஆகின்றன. இலேசாக வறுத்து உடைத்தால் மணமும் கூடும். தோலும் எளிதில் நீங்கும்.

கடலைப் பருப்பு: பழுப்பு நிறத்துச் சிறு கொண்டைக்கடலையை உடைத்துப் பெறுவது. மத்தியப் பிரதேசம், மகாராஷ்டிரம், இராஜஸ்தான் ஆகியவை இதனை மிகுதியாக விளைவிக்கின்றன. இதனை அரைத்தால் கடலை மாவு. கடலையை நனைத்து, சூடான மணலில் வறுத்துத் தோல் நீக்கினால் பொட்டுக்கடலை. பீகார் உழவர்கள் வறுத்த கடலையை மாவாக்கிச் சத்து என்னும் பெயரால் உண்கிறார்கள். அதனை நீரில் கரைத்தாலே போதும், அடுப்பு வேண்டியதில்லை. வெயிலில் உழைப்போருக்கு அது கைகண்ட உணவு.

மசூர்ப் பருப்பு: நம் கடைகளில் மைசூர்ப் பருப்பு என்று விற்பது இதுவே. மைசூரில் விளைவது என்று பலர் எண்ணுவர். உத்தரப் பிரதேசம், மத்தியப் பிரதேசம், வங்காளம், பீகார் ஆகியவையே இது மிகுதியாக விளையும் இடங்கள். மசூர் என்னும் வடநாட்டுப் பெயரே நம் நாவில் மைசூர் என்றாயிற்று. தோலுடன் பழுப்பாகவும், தோல் நீங்கியபின் இளஞ்சிவப்பாகவும் இருக்கும், வெந்தால் மஞ்சளாகிவிடும். விரைவில் வேவதால் எரிபொருள் மிச்சமாகும்.

பட்டாணிப் பருப்பு: மஞ்சள் பட்டாணியை உடைத்துப் பெறுவது. கனடா, ரஷ்யா முதலிய நாடுகளிலிருந்து பெருமளவில் இறக்குமதியாகிறது. இது நல்ல உணவே. ஆயினும், இதனைக் கடலைப் பருப்பென்றும் கடலை மாவென்றும் கூறி விற்பது ஏமாற்று. கடலைப் பருப்பின் முதுகில் மேடுபள்ளம் உண்டு. பட்டாணிப் பருப்பு வழவழப்பாக அரைவட்டமாக இருக்கும்.

விலக்க வேண்டிய பருப்பு

துவரம் பருப்பின் தோற்றத்தோடு கேசரிப் பருப்பு என்ற ஒன்று உண்டு. மழை பொய்த்த காலத்திலும் விளைவதாகலின், மத்திய இந்தியாவிலும் பீகாரிலும் ஏழைகளின் உணவாக இருந்து வந்தது. மத்தியப் பிரதேசத்து ரேவாப் பகுதியில் பண்ணையாட்களுக்குக் கூலியாகவே இதனை அளந்து கொடுத்தார்கள். இதனையே முக்கிய உணவாகப் பல மாதங்கள் உண்டவர்களுக்குக் கால்கள் விறைத்தன. முதலில் கோலூன்றி நடந்தார்கள்; பின்னர்த் தவழ்ந்தார்கள். அந்த முடத்துக்கு மருந்து இல்லை. பயறிலுள்ள ஒருவகை நச்சுப் பொருள் நரம்புகளைத் தாக்குவதே இதற்குக் காரணம். எனவே 1961ஆம் ஆண்டில் மத்திய அரசு இதன் விற்பனையைத் தடை செய்ய விதி வகுத்தது.

துவரம் பருப்பு ஒருபுறம் உருண்டு, மறுபுறம் தட்டையாக, வட்ட வடிவில் இருக்கும். கேசரிப் பருப்போ ஒரு பக்கம் சரிந்து, ஆப்புப் போன்று கோணலாக இருக்கும். மலிவான துவரம் பருப்பு வாங்கினால் ஒரு கைப்பிடியை வெள்ளைத் தாளில் பரப்பிப் பார்த்தல் நல்லது. அவ்வாறே ஒரு கரண்டிப் பருப்பை நீரில் இட்டுக் கலக்கினால் மஞ்சள் நிறம் உடனே கரைந்து பிரியுமாயின் சாயம் ஏற்றப்பட்டதோ என்று ஐயுற வேண்டும். ஐயத்துக்குரிய பருப்பை உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம் சேர்ப்பித்துச் சோதனை செய்விக்கலாம். சத்துணவுக் கூடத்துக்கு வரும் பருப்பைப் பஞ்சாயத்து உறுப்பினர்கள் அவ்வப்போது பார்வையிடுவது, ஊர்க் குழந்தைகளுக்குச் செய்யும் பெரும் தொண்டாகும்.

கிராமத்தில் துவரை உடைக்கும் முறை

நம் முன்னோர் கையாண்ட செம்மண் முறை இன்றும் பயனுள்ளது. முதலில் துவரையைப் புடைத்துக் கல், மண், பொக்கு ஆகியவற்றை நீக்க வேண்டும். பிறகு சல்லடையால் பெரியது சிறியது என்று பிரிக்க வேண்டும். பருமன் ஒத்திராவிட்டால், பெரிய மணி நொறுங்கும். சிறிய மணி உடையாமல் நழுவும். பிரித்த துவரையை முன்னிரவில் நீரில் ஊறவைத்து, காலையில் வடித்துவிட வேண்டும். 100 கிலோவுக்கு ஏறக்குறைய 5 கிலோ வீதம் சலித்த செம்மண்ணைக் குழைத்துத் துவரையின் மேல் பூசிக் குவித்து வைக்க வேண்டும். மறுநாள் களத்தில் மெல்லியதாகப் பரப்பி, இரண்டு முதல் நான்கு நாள் வரை நன்றாகக் காயவிட வேண்டும். ஊறியபோது விரிந்த தோல், காயும்போது சுருங்கிப் பருப்பை விட்டு விலகுகிறது. பின்னர் மண்ணைச் சலித்து நீக்கித் திருகையில் உடைத்துப் புடைத்தால் பருப்பு வேறு, பொட்டு வேறாகப் பிரியும்.

எண்ணெய் முறை என்று மற்றொன்றும் உண்டு. துவரையின் தோலைச் சற்றே கீறி, 100 கிலோவுக்கு ஏறத்தாழ ஒரு கிலோ எண்ணெய் பிசறி, ஓரிரவு குவித்து வைத்து, சில நாட்கள் வெயிலில் காயவைத்து, இலேசாக நீர் தெளித்து மீண்டும் உலர்த்தி உடைப்பது அம்முறை. ஆலைகள் பெரும்பாலும் இதனைக் கைக்கொள்கின்றன. ஊறவைத்து உடைத்த பருப்பின் நடுவில் சிறு குழி விழுந்திருக்கும்; அது வேகச் சற்று நேரம் ஆகும். எண்ணெய் முறைப் பருப்பு விரைவில் வேகும். கடையில் வாங்குவோர் இந்தக் குறியைக் கொண்டே பருப்பின் வரலாற்றை அறிந்துகொள்ளலாம்.

திருகை சுற்றுவது பெண்களுக்குப் பெரும் உழைப்பு என்பதை நாம் மறுக்கவில்லை. இன்று அவ்வுழைப்பைக் குறைக்கச் சிறு பருப்பு ஆலைகள் வந்துள்ளன. மைசூரிலுள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையமும், கான்பூரிலுள்ள இந்தியப் பயறு ஆராய்ச்சி நிலையமும், அகோலா வேளாண் பல்கலைக்கழகமும் கிராமங்களுக்கேற்ற இயந்திரங்களை வகுத்துத் தந்துள்ளன. ஒரு சிறு கொட்டகையும் மின் இணைப்பும் உலர்த்தும் களமும் இருந்தால் இவற்றை நிறுவிவிடலாம்.

ஒரு சிறு கணக்கு

விலைகள் ஆண்டுக்கு ஆண்டு மாறுவன. 2015ஆம் ஆண்டின் பிற்பகுதியில் துவரம் பருப்பு விலை பல நகரங்களில் கிலோ 200 ரூபாய் வரை ஏறியது. அதனைக் கண்டு உழவர்கள் மிகுதியாகப் பயிரிட்டார்கள். 2016-17இல் விளைச்சல் பெருகியபோது, ஆதரவு விலை ஊக்கத் தொகையுடன் குவிண்டாலுக்கு 5,050 ரூபாயாக இருந்தும், மகாராஷ்டிரத்திலும் கருநாடகத்திலும் பலர் அதனிலும் குறைவாகவே விற்க நேர்ந்தது. விலை ஏறியபோது வாங்குபவன் வருந்தினான். இறங்கியபோது விற்பவன் வருந்தினான். கிராமத்திலே வாங்குபவனும் விற்பவனும் ஒருவனே ஆதலால், இரண்டு வருத்தங்களும் அவனையே சேர்ந்தன.

ஆகவே இன்ன விலை என்று கூறாமல், கணக்கிடும் முறையை மட்டும் காட்டுவோம். துவரை கிலோ 70 ரூபாய், பருப்பு 140 ரூபாய், உடைக்கும் கூலி கிலோவுக்கு 8 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 100 கிலோ துவரையின் மதிப்பு 7,000 ரூபாய். கூலி 800 ரூபாய். ஆக 7,800 ரூபாய். திறம்பட உடைத்தால் 100 கிலோவில் 70 கிலோ பருப்பு கிடைக்கும். கடையில் அதன் விலை 9,800 ரூபாய். எனவே 2,000 ரூபாய் மிச்சமாகிறது. அன்றியும், கூலியாகிய 800 ரூபாய் ஊர்க் குழுவுக்கே சேர்கிறது. ஏறத்தாழ 25 கிலோ பொட்டும் குருணையும் தூளும் மாட்டுக் கொட்டிலுக்கு வருகின்றன. ஈரமும் தூசியுமாகப் போவது எஞ்சிய 5 கிலோ. உங்கள் ஊர்ச் சந்தை விலைகளை இவ்விடத்தில் இட்டுப் பார்த்தால் உங்கள் ஊரின் இலாப நட்டம் விளங்கும்.

ஒன்றை மறைக்காமல் கூறுதல் வேண்டும். சரியாகக் காயாத துவரையை அவசரமாக உடைத்தால் 60 கிலோ பருப்புத்தான் தேறும். மேற்கண்ட விலையில் அதன் மதிப்பு 8,400 ரூபாய். மிச்சம் 600 ரூபாயாகச் சுருங்கிவிடும். இத்தொழிலில் இலாபம் இயந்திரத்தில் மட்டும் இல்லை. களத்தில் காயவைக்கும் பொறுமையிலும் இருக்கிறது.

வண்டிலிருந்து காத்தல்

பயறின் பெரும் பகைவன் பயறு வண்டு. அது வயலிலேயே நெற்றின்மேல் முட்டையிட்டுவிடுகிறது. புழு மணியைத் துளைத்து உட்புகுந்து தின்று, வட்டமான துளையிட்டு வண்டாக வெளிவருகிறது. எனவே களத்திலிருந்து வந்த பயறைக் கடித்தால் நறுக்கென்று உடையும் வரை வெயிலில் காயவைத்தல் முதற் கடமை. வண்டு முழு மணியின் வழவழப்பான தோலின்மேல் முட்டையிடவே விரும்பும். உடைத்த பருப்பை அவ்வளவாக நாடுவதில்லை. ஆதலால் உணவுக்கு வைக்கும் துவரையைக் காலம் தாழ்த்தாமல் உடைத்துவிடுவது, பாதுகாப்புக்கும் ஏற்ற வழியாகும்.

விதைக்கு வைப்பதை உடைக்கலாகாது. அதற்குச் செம்மண் கட்டி உலர்த்தி வைக்கலாம். குதிரிலோ பானையிலோ பயறை நிரப்பி, மேலே ஓரங்குல உயரத்துக்கு உலர்ந்த மணலைப் பரப்பி வைப்பதும் வண்டின் நடமாட்டத்தைத் தடுக்கும்.

சமையலறையில் கவனிக்க வேண்டியவை

பருப்பு வேகவில்லை என்று குறைகூறுவோர் முதலில் நீரைக் கவனிக்க வேண்டும். சுண்ணாம்புச் சத்து மிகுந்த உப்பு நீரில் பருப்பு எளிதில் வேகாது. அரைமணி நேரம் ஊறவைத்து, நல்ல நீரில் வேகவைக்க வேண்டும். புளியைப் பருப்பு வெந்தபின்னரே சேர்த்தல் வேண்டும். முன்னரே சேர்த்தால் பருப்பு கெட்டிப்பட்டு நின்றுவிடும். வேகவைத்த நீரைக் கொட்டிவிடலாகாது. அதில் உயிர்ச் சத்துக்கள் கரைந்துள்ளன. இரசத்துக்கு அதுவே அடிப்படை. பளபளப்பான பருப்பே நல்ல பருப்பு என்னும் எண்ணமும் தவறு. மெருகேற்றியதனால் சத்து ஒன்றும் கூடுவதில்லை, விலைதான் கூடுகிறது.

பஞ்சாயத்துக்கள் செய்ய வேண்டியவை

முதலாவது, விளைச்சலைப் பெருக்குதல். காவிரிப் படுகையில் சம்பா, தாளடி அறுவடைக்கு ஒரு வாரம் பத்து நாட்களுக்கு முன்னர், நெல் நிற்கும்போதே ஈர வயலில் உளுந்தையும் பச்சைப்பயறையும் விதைக்கும் வழக்கம் உண்டு. எஞ்சிய ஈரத்தையும் பனியையும் கொண்டே அப்பயிர் விளைகிறது. அதன் வேர் முடிச்சுக்கள் காற்றிலுள்ள தழைச் சத்தை ஈர்த்துத் தருகின்றன. ஏற்ற விதைகளுக்குப் புதுக்கோட்டை மாவட்டம் வம்பனிலுள்ள தேசியப் பயறு ஆராய்ச்சி மையத்தையும், வட்டார வேளாண் விரிவாக்க மையத்தையும் அணுகலாம்.

இரண்டாவது, கணக்கெடுத்தல். ஊரில் எவ்வளவு பயறு விளைகிறது, எவ்வளவு பருப்பு வெளியிலிருந்து வாங்கப்படுகிறது என்பதை வீடுதோறும் கேட்டுக் குறிக்க வேண்டும். சனவரி 26ஆம் நாள் கிராம சபை கூடும்போது துவரையும் களத்துக்கு வந்திருக்கும். அன்றே அக்கணக்கைச் சபை முன் படிப்பது மிகப் பொருத்தம்.

மூன்றாவது, கூட்டாகச் செயற்படுதல். ஓர் ஊரின் துவரை ஒரு சிறு ஆலைக்கு ஆண்டு முழுவதும் வேலை தராது. ஆகவே அண்டையிலுள்ள மூன்று நான்கு பஞ்சாயத்துக்கள் சேர்ந்து, மகளிர் சுய உதவிக் குழுவையோ உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தையோ கொண்டு ஓர் ஆலையை நடத்துவதே அறிவுடைமை. மானிய உதவிகளை வேளாண் பொறியியல் துறை அலுவலகத்தில் விசாரித்தறிந்து, கணக்குப் போட்டுப் பார்த்த பின்னரே கடன் வாங்க வேண்டும்.

நான்காவது, களம். உலர்த்தும் களம் இல்லாத ஊரில் பருப்பு ஆலை வைப்பது வீண். சாலையில் காயப்போட்ட பயறில் தார்க் கல்லும் வண்டி எண்ணெயும் கலக்கின்றன. பஞ்சாயத்தின் முதற் செலவு நல்ல சிமெண்டுக் களமாக இருக்கட்டும்.

பருப்பு உற்பத்தியில் இந்தியா உலகில் முதலிடம் பெற்றுள்ளது; எனினும் நம் தேவைக்குப் போதாமல் மியான்மர், மொசாம்பிக், தான்சானியா முதலிய நாடுகளிலிருந்து துவரையும் உளுந்தும் தருவிக்கிறோம். ஐக்கிய நாடுகள் சபை 2016ஆம் ஆண்டைப் பயறு ஆண்டாக அறிவித்தது. 2019 முதல் பிப்ரவரி 10ஆம் நாள் உலகப் பயறு நாளாகக் கொண்டாடப்படுகிறது. இத்தகைய விழாக்கள் நகரங்களில் நடக்கட்டும். நம் கிராமத்து விழா, தை மாதத்துக் களத்தில் காயும் துவரையோடு தொடங்கட்டும். நம் மண்ணில் விளைந்த பயறு நம் ஊரிலேயே பருப்பாகி, முதலில் நம் குழந்தைகளின் கலத்தில் விழ வேண்டும். மிஞ்சியதைச் சந்தைக்கு அனுப்புவோம். அதனையும் பருப்பாகவே அனுப்புவோம். இதற்கு வேண்டுவன ஒரு களமும் ஓர் இயந்திரமும் ஒற்றுமையுமே. முதலிரண்டையும் பொருள் கொண்டு பெறலாம். மூன்றாவதை நாமே உண்டாக்கிக்கொள்ள வேண்டும்.